மூலையில் ஒரு பச்சைக் கயிறு

நெட்டையன் போட்ட கட்டு தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. முப்பது வருடமாகச் சதுப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கோரை அறுத்துக் கட்டுகிறவன். கட்டித் தலையில் ஏற்றிக் கரை சேர்த்தால் அவன் வேலை தீர்ந்தது. அவிழ்ப்பது பாய்க்கொட்டகைக்காரர்கள் பாடு. "பாவி, பல்லாலதான்யா பிரிக்க வேண்டியிருக்கு" என்று அவர்கள் திட்டினால் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்தச் சதுப்பை மண்ணடித்து மனை போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பின்னாலேயே லாரியும் வந்தது. ஒரு பக்கம் மேடாகிவிட்டது. சனங்கள் மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோயிருந்த நேரத்தில்தான் நகரத்திலிருந்து ஒரு கேமராக்காரர் வந்து சேர்ந்தார்.

"அண்ணே, மனுவை எவனும் படிக்க மாட்டான். படம்னா நின்னு பாப்பான். செம்மூக்கு இங்க கூடு வச்சிருக்குன்னு காட்டிட்டா, அப்புறம் ஒரு கூடை மண்ணு விழாது."

செம்மூக்கு மற்ற இடங்களில் அற்றுப்போன நீர்ப்பறவை. இங்கே மிச்சம் ஒரே ஜோடி. அதன் கூடு நெட்டையனுக்குத்தான் தெரியும்.

"பறவைக்கு இருக்கிற மவுசு நமக்கு இல்ல பாத்தீங்களா" என்றாள் அவன் மனைவி. "நானும் மூக்குல சிவப்பைப் பூசிக்கிட்டு நிக்கட்டுமா?"

"உனக்கு எதுக்குத் தனியா பூசணும்? கோவம் வந்தா தானா சிவக்குதே."

கூட்டுக்கு மேலே ஒரு இலைக்கிளை குடை பிடித்தாற்போல் தாழ்ந்து கிடந்தது. படத்துக்கு அது மறைத்தது. நெட்டையன் இடுப்பிலிருந்து அரிவாளை உருவினான். கேமராக்காரர் பதறிப்போனார்.

"ஐயோ, வெட்டிடாதீங்கண்ணே! நிழல் போனா குஞ்சு வெந்துடும். காக்கா கண்ணுல பட்டுடும். ஓரமா இழுத்துக் கட்டுங்க, அரை மணி நேரம் போதும். படம் எடுத்ததும் அவுத்து விட்டுடலாம்."

"கட்டுறதா? எமனே வந்து இழுத்தாலும் அசையாது தம்பி."

பச்சை நைலான் கயிற்றால் கிளையை ஒதுக்கிக் கட்டினான். தாய் வந்து இறங்கியது. இரண்டு குஞ்சுகளும் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தன. கேமரா படபடவென்று அடித்தது. "கிடைச்சிடுச்சுண்ணே!" என்று கேமராக்காரர் சேற்றிலேயே குதித்தார். நெட்டையன் கேமராப் பெட்டியைத் தலையில் ஏற்றினான். கட்டினால் ஏற்ற வேண்டும், ஏற்றினால் நடக்க வேண்டும். கால் கரையைப் பார்த்து நடந்தது.

ஐந்தாம் நாள் நகரத்து மண்டபத்தில் அந்தப் படம் கதவளவுக்குத் தொங்கியது. பார்த்தவர்கள் நகரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். நிலத்து அதிகாரியே வந்திருந்தார்.

"திங்கக்கிழமை நேர்ல வர்றேன். பறவை இருந்தா அன்னைக்கே வேலையை நிறுத்திடறேன்" என்றார்.

"கூட்டைக் காட்டினது இந்த அண்ணன்தான்" என்று கேமராக்காரர் நெட்டையனை முன்னால் தள்ளினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவனுக்காக யாரும் கைதட்டி அதுவரை அவன் கேட்டதில்லை. கூச்சம் தாங்காமல் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கீழ் மூலையில் பச்சையாக ஏதோ தெரிந்தது. புல் என்று நினைத்தான். பிறகு முடிச்சு தெரிந்தது. பெற்றவனுக்குப் பிள்ளை முகம் தெரியாமல் போகுமா?

"தம்பி, கயித்தை அவுத்தீங்களா?"

"நீங்கதானேண்ணே அவுப்பீங்க..." கேமராக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

கிடைத்த பேருந்தில் தொற்றி, வேட்டி நனைய ஓடினான். உச்சி வெயில் நேராகக் கூட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு குஞ்சு இருந்த இடத்தில் நாலு இறகு. மற்றது தோலாகக் காய்ந்து கிடந்தது, படத்தில் போலவே வாயைப் பிளந்தபடி. பெரிய பறவைகள் இரண்டையும் கண்ணுக்கெட்டிய தூரம் காணவில்லை. முடிச்சைப் பிரிக்க நகத்தால் முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். கிளை விசிறிக்கொண்டு திரும்பி வர, காய்ந்த குஞ்சின்மேல் குளுகுளுவென்று நிழல் விழுந்தது.

திங்கட்கிழமை அதிகாரி முழங்கால் பூட்ஸில் வந்தார். வெறுங்கூட்டைப் பார்த்தார்.

"இருந்துச்சு சார்" என்றார் கேமராக்காரர்.

"இருந்துச்சு சரி. இப்ப எங்க? நான் படத்துக்கா உத்தரவு போடறது?"

"நான்தாங்க கொன்னேன். கட்டினதை அவுக்காம வந்துட்டேன்" என்றான் நெட்டையன். அதை எழுதிக்கொள்ள அதிகாரியின் காகிதத்தில் கட்டம் இல்லை போலிருக்கிறது. அவர் வண்டியில் ஏறிவிட்டார்.

மறுநாளிலிருந்து லாரிகள் இரட்டிப்பாக வந்தன. மண்டபத்தில் படம் இன்னும் தொங்குகிறது, சனம் இன்னும் அழுதுவிட்டுப் போகிறது என்று கேள்வி.

மண் மூடுமுன் மிச்சக் கோரையையாவது அறுப்போம் என்று நெட்டையன் இறங்கினான். கட்டுகள் கொட்டகைக்குப் போய்ச் சேருமுன்பே வழியெல்லாம் சரிந்தன.

"என்னய்யா நெட்டை, கை தளர்ந்துபோச்சா? கட்டு நிக்கவே மாட்டேங்குதே!" என்று கொட்டகையிலிருந்து சிரித்தார்கள்.

அவன் குனிந்து சிதறின கோரையைப் பொறுக்கினான்.