மணமகளின் தந்தை, சேசிஸ் நம்பர் 317

மகள் கல்யாணத்துக்கு அப்பாவாகப் போக வேண்டுமென்றால் சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட் கொடுக்க வேண்டும். கோயம்புத்தூரில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மண்டபத்துக்காரர்கள் சமையல்காரர் யார் என்று கேட்பதற்கு முன்பே அதைத்தான் கேட்பார்கள்.

எனக்கு நம்பர் குத்தியிருப்பது இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே. என் மனைவி நாகமணிக்குக் காதுக்குப் பின்னால். மகள் தாரணிக்கு வலது முழங்காலில். அவள் ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது நான் முதலில் நம்பர் அழிந்துவிட்டதா என்று பார்த்தேன். பிறகுதான் ரத்தத்தைத் துடைத்தேன். நாகமணி அதை இன்னும் மறக்கவில்லை.

பிரிண்ட் எடுப்பது பெரிய வித்தை இல்லை. நம்பரின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். தாள் கறுக்கும். எண்கள் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதை வெட்டிப் படிவத்தில் ஒட்ட வேண்டும்.

என் தொழிலே அதுதான். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை நம்பரை வைத்து அடையாளம் சொல்கிறேன். வெள்ளைக்காரன் விட்டுப் போன வண்டி என்றால் வாயைப் பிளப்பவர்கள் நம் ஊரில் அதிகம். அதனால் டூப்ளிகேட்டும் அதிகம். பெயின்ட் பொய் சொல்லும். சீட் பொய் சொல்லும். ஓனர் வாய் கூசாமல் பொய் சொல்வார். நம்பர் சொல்லாது. ஏழின் வால் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தே எந்த வருஷம் குத்தியது என்று சொல்லிவிடுவேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தப்பு கிடையாது. இதை யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்வேன்.

பல் டாக்டர் சபாபதி ஒரு பிராம்வெல் கார் வைத்திருந்தார். பச்சை நிறம், இரண்டு சீட். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே துடைப்பார். நான் நம்பரைப் படித்து, இது பிராம்வெல் இல்லை, ரொட்டி வேன் என்று சொன்னேன். டாக்டர் அழுதுவிட்டார். "அழுதா நம்பர் மாறாதுங்க டாக்டர்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தாரணிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு பிரிண்ட் ஒட்டினேன். ஒன்று என்னுடையது. மற்றது மில் ஓனர் ரங்கராஜுலுவின் நிஜமான பிராம்வெல்லுடையது. அதற்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பசை தீர்ந்துபோயிருந்தது. சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தாரணி மாப்பிள்ளையிடம் போனில் பேசிச் சிரித்தாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு படிவத்தையும் ரங்கராஜுலுவிடம் கொடுத்தனுப்பினேன். ஆளுக்கும் வண்டிக்கும் நம்பர் பதியும் இருப்புச் சான்று அலுவலகத்துக்கு அவர் எப்படியும் காரை எடுத்துக்கொண்டு போகிறார்.

புதன்கிழமை அந்த அலுவலகத்திலிருந்து என்னை வரச்சொன்னார்கள். பதினேழாம் கவுன்ட்டர் வராந்தாவின் கடைசியில் இருந்தது. அங்கே ஒவ்வொரு முத்திரை விழும்போதும் வராந்தா இரண்டடி நீளும். நடுவழியில் ஒருவர் இளநீர்க் கடை போட்டிருந்தார். கவுன்ட்டரில் ஜெசிந்தா மேடம் இருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"பிராம்வெல்லுங்களா?"

"இல்லீங்க. திருமூர்த்தி."

"திருமூர்த்தி நேத்தே வந்துட்டுப் போயிட்டாருங்களே. ரங்கராஜுலு ஓட்டிட்டு வந்தாரு."

"அது காருங்க."

அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். என் பெயர், என் போட்டோ, மணமகளின் தந்தை என்ற வரி. அதன் கீழே பி.டபிள்யூ. 54, 317, ஆர் என்ற பிரிண்ட் இருந்தது. சோற்றுப் பருக்கை காய்ந்து கெட்டியாகப் பிடித்திருந்தது. பி.டபிள்யூ. என்றால் பிராம்வெல். 54 வருஷம். அந்த வருஷத்தில் முந்நூற்றுப் பதினேழாவது வண்டி. ஆர் என்றால் ஸ்டீரிங் வலப்பக்கம். அருமையான பிரிண்ட். நான் எடுத்ததாயிற்றே.

"நீங்க எந்தக் கைங்க?"

"வலதுங்க."

"பாத்தீங்களா." அவர் ஒரு கட்டத்தில் டிக் போட்டார்.

"மேடம், நான் அம்பத்துநாலுல பொறக்கலீங்க. எனக்கு அம்பத்தெட்டு வயசுதான் ஆவுது."

"இங்க வர்ற எல்லாரும் வயசக் கொறச்சுத்தான் சொல்றாங்க."

"மாத்தி ஒட்டிப்போட்டனுங்க. தப்பு என்னுதுதான்."

"நீங்க தப்பே பண்ண மாட்டீங்கன்னு உங்க ஃபைல்ல எழுதியிருக்குதுங்களே."

எழுதியிருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தப்பு கிடையாது என்று. நான்தான் எழுதச் சொன்னேன். கையெழுத்தும் என்னுடையது.

திருத்த என்ன வழி என்று கேட்டேன். ஜெசிந்தா மேடம் நல்ல மாதிரி. பொறுமையாகச் சொன்னார். திருத்த வேண்டுமென்றால் இரண்டு நம்பரையும் ரத்து செய்ய வேண்டும். முப்பது வேலைநாள் ஆகும். ரத்தான நம்பருக்கு மகள் இருக்க முடியாது. ஆகவே தாரணியின் நம்பரும் சேர்ந்து போய்விடும். நம்பர் இல்லாத பெண்ணுக்கு எந்த மண்டபத்திலும் தாலி கட்ட முடியாது.

"மாப்பிள்ளை வீட்டுல முப்பது நாள் பொறுப்பாங்களா?"

அவர்கள் பொள்ளாச்சிக்காரர்கள். பந்தி ஐந்து நிமிஷம் தாமதமானாலே பொறுக்க மாட்டார்கள்.

எனக்கு இருப்பது ஒரே மகள். தாரை வார்க்கும்போது கை நடுங்கக்கூடாது என்று ஒரு மாதமாகக் குளியலறையில் சொம்பும் தண்ணீருமாகப் பழகிக்கொண்டிருந்தேன். தண்ணீர் அறுபடாமல் விழ வேண்டும். கடைசி வாரத்தில்தான் சரியாக வந்தது. மேடத்திடம் இதையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழுதா நம்பர் மாறாதுங்க" என்றார். சபாபதி அவருக்கும் பல் டாக்டராம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். அதற்குள் பல முத்திரைகள் விழுந்திருந்தன. வாசலுக்குப் போக உக்கடம் டவுன் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. பஸ் வராந்தாவிலேயே வந்தது. வாசலில், நான் நின்றிருந்த நேரத்துக்குப் பார்க்கிங் டிக்கெட் கொடுத்தார்கள்.

வீட்டு ஹாலில் பிராம்வெல் நின்றிருந்தது. டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நாகமணி காரின் முன்னால் காபி வைத்திருந்தாள்.

"மத்தியானமே ஆபீஸ்ல இருந்து கொண்டுவந்து விட்டுட்டாங்க" என்றாள். "உங்களாட்டமேதான். வந்ததும் நியூஸ். ஒரு வார்த்தை பேசறதில்லை. கொறட்டைதான் இல்லை."

"நாகமணி, நான்தான் உன்ற வீட்டுக்காரன்."

"எனக்குத் தெரியாதுங்களா? ஆனா பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு. திருமூர்த்தின்னு போட்டிருக்குது. திருமூர்த்தி யாருன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. கல்யாணம் முடியட்டுமுங்க. அப்பறம் பாத்துக்கலாம்."

தாரணி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது.

"நான் கல்யாணத்த நிறுத்தச் சொல்லட்டுமாங்கப்பா?" என்றாள்.

அவள் சொல்லிவிடுவாள். அவள் முழங்காலைப் பார்த்தேன். பாவாடை மறைத்திருந்தது. "வேண்டாஞ் சாமி" என்றேன்.

வியாழக்கிழமை காலையில் போய், நான்தான் அந்த பிராம்வெல் என்று ஒப்புக்கொள்ளும் சம்மதப் படிவம் கேட்டேன். வாகனத்தின் கையொப்பம் என்று ஒரு கோடு இருந்தது. பேனாவை எடுத்தேன்.

"வண்டி எங்கீங்க கையெழுத்துப் போடும்? ஹாரன் அடிங்க" என்றார் ஜெசிந்தா மேடம்.

"பாம்" என்றேன்.

"சத்தமா."

"பாம்."

முத்திரை விழுந்தது. வராந்தா நீண்டது. "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார். "இனிமே யாராச்சும் உங்கள அப்பான்னு கூப்ட்டா சான்று ரத்தாயிரும். பொண்ணுகிட்டச் சொல்லிருங்க." நான் சொன்னேன். தாரணி தலையை மட்டும் ஆட்டினாள்.

ரங்கராஜுலு கித்தான் உறையோடு வந்து என்னை அழைத்துப்போனார். பதினோரு வருஷமாக அவர் வண்டிகளுக்கு நம்பர் பார்க்கிறேன். ஒரு நாளும் கேட்டைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. வாட்ச்மேனிடம் தண்ணீர் கொடுத்தனுப்புவார். இப்போது ஏ.சி. ஷெட்டில் நிறுத்தினார்.

"வெளிய நின்னா வெயில்ல நெறம் போயிரும்" என்றார். வெள்ளைத் துணியால் என் நெற்றியை மெதுவாகத் துடைத்தார். ஐம்பத்தெட்டு வருஷத்தில் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பழைய கார் கிளப்பிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர் என் முட்டியைத் தட்டிப் பார்த்து, இங்கிலாந்து இரும்பு இங்கிலாந்து இரும்புதான் என்றார். இன்னொருவர் குனிந்து என் அடியைப் பார்த்துக் கண்கலங்கினார். நான் பிறந்தது உடுமலை அரசு ஆஸ்பத்திரியில். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசியாக டாக்டர் சபாபதி வந்தார். என் வாயைத் திறந்து டார்ச் அடித்தார்.

"கிரில்லுல ரெண்டு ஒரிஜினல் இல்லை" என்றார். "நான்தான் மாத்துனேன்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு என் தோளில் லேசாகத் தட்டினார். நான் சொன்னது நியாயமென்றால் அவர் சொன்னதும் நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். ரங்கராஜுலு என்னைக் கல்யாணக் காராக அனுப்பினார். நெற்றியில் சந்தனம், கழுத்தில் சாமந்தி மாலை, முதுகில் மணமக்கள் பெயர். மண்டபத்துக்கு வெளியே வாழை மரத்துப் பக்கம் நிறுத்தினார்கள். ஜன்னல் வழியாக மணமேடை தெரிந்தது.

மேடையில் பிராம்வெல் நின்றிருந்தது. பானெட்டைச் சுற்றிப் பட்டு வேட்டி. வந்தவர்கள் அதன் கண்ணாடியைப் பிடித்துக் கை குலுக்கினார்கள். சம்பந்தி தன் தம்பியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"பொண்ணோட அப்பா தங்கமானவரு. எதுக்கும் எதுத்துப் பேசறதில்லை."

தாரை வார்க்க நேரம் வந்தது. நாகமணி ஒரு பக்கம் நின்றாள். தாரணியின் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்து பிராம்வெல்லின் முன்பக்கமாக நீட்டினார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த ரேடியேட்டர் ஒழுகும். ஒழுகல் ஒரிஜினல், அடைக்க வேண்டாம் என்று ரிப்போர்ட்டில் நானே எழுதியிருந்தேன். மூன்று சொட்டு விழுந்தது. மூன்றும் சரியாக அவர்கள் கைமேல் விழுந்தன.

கெட்டிமேளம் கொட்டினார்கள். சொட்டாகத்தான் விழுந்தது, தாரையாக இல்லை. நான் அறுபடாமல் ஊற்றியிருப்பேன். வெளியே நின்று என் வலது கையைப் பார்த்தேன். அது கொஞ்சமும் நடுங்கவில்லை.

சாப்பாடு முடிந்து மணமக்கள் என்னில் ஏறினார்கள். இரண்டு சீட்தான். மாப்பிள்ளை ஒரு பக்கம், தாரணி இடது பக்கம். பொள்ளாச்சி ரோட்டில் போனேன். மேடு பள்ளம் பார்த்து மெதுவாகவே போனேன். சின்ன வயதில் அவளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு இதே வேகத்தில்தான் போவேன். கனம் பெரிதாகக் கூடிவிடவில்லை.

கிணத்துக்கடவு தாண்டியதும் மாப்பிள்ளை தூங்கிவிட்டார். தாரணி கைப்பையைத் திறந்தாள். பூ மடித்து வந்த மெல்லிய தாளை எடுத்தாள். புருவம் தீட்டும் பென்சிலை எடுத்தாள். மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுத் தாளை என் இடது தோள்பட்டைக்குக் கீழே வைத்துத் தேய்த்தாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது பார்த்திருப்பாள். பென்சிலைச் சாய்த்துத்தான் பிடித்தாள்.

தாள் கறுத்தது. அவள் ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தாள். ஒரு தப்பும் இல்லை. அது பி.டபிள்யூ. என்று ஆரம்பிக்கவில்லை.

தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பொள்ளாச்சி வரை கையைத் தோளிலேயே வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி ரொம்பப் பழசுங்களா கண்ணு?"

"அம்பத்தெட்டு வருசமாச்சுங்க அத்தை" என்றாள் தாரணி.

"இன்னும் நல்லாத்தான் இருக்குது" என்றார் மாமியார். அவளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனார். தாரணி வலது காலை எடுத்து வைத்தாள்.

யாரோ வந்து சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதன்மேல் ஏறினேன். வலது செருப்புக்குக் கீழே அது நசுங்கியது. உள்ளே கேட்க வேண்டும் என்று சத்தமாக ஒரு தடவை ஹாரன் அடித்தேன். பிறகு ரிவர்ஸ் எடுத்தேன்.