எரியாத பீரோ

நாரணாபுரத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் அடுத்தடுத்த வாடகை வீடுகளில் குடியிருந்தார்கள் ஓரகத்திகள் இரண்டு பேரும். மூத்தவள் பாண்டிச்செல்வி, பட்டாசுக் கம்பெனியில் வெயிலில் நின்று வெடி காயப் போடுபவள். இளையவள் அனுப்பிரியா, அச்சாபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் ஏசியில் உட்கார்ந்திருப்பவள். வயிறு எரிய அது ஒன்றே போதும். போதாததற்கு வீட்டுச் சாமானுக்கெல்லாம் இன்சூரன்ஸ் வேறு எடுத்துவிட்டாள் மகராசி.

"வாடகை வீட்டுக்கு எதுக்குடி இன்சூரன்ஸு?" என்றாள் பாண்டிச்செல்வி.

"வீட்டுக்கு இல்லக்கா. வீடு ஓனரோடது. உள்ள கிடக்குற டிவி, ஃபிரிட்ஜு நம்மளோடதுல்ல, அதுக்கு. ஓவியா பீரோவையும் சேத்துட்டேன்."

அங்கேதான் வந்தது வம்பு. பாண்டிச்செல்வி தன் மகள் ஓவியாவின் கல்யாணத்துக்கென்று போனஸில் வாங்கிய பீரோ அது. வீட்டில் இடமில்லாமல் கொழுந்தன் வீட்டில் போட்டு வைத்திருந்தாள். என் மகள் பீரோ இவள் பேரில் ஏறுவதா? நாளைக்கு என்னுது என்று சொல்ல எம்புட்டு நேரமாகும்? அன்று சாயங்காலமே புருஷனை விரட்டித் தூக்கி வரச் செய்தாள். பாதி வீட்டை அது அடைத்துக்கொண்டது. சித்தி குடும்பம் ஊருக்குப் போனால் காவலுக்கு அங்கே போய்ப் படுப்பது ஓவியாவின் வழக்கம். "இனிமே அங்கன போய்ப் படுக்குற வேலையெல்லாம் வேண்டாம்" என்று அதற்கும் தடை போட்டாள்.

தீபாவளிக்கு அனுப்பிரியா குடும்பத்தோடு சாத்தூருக்குப் போயிருந்தாள். அன்று ராத்திரி ஃபிரிட்ஜ் வயர் கருகி, பூட்டிய வீடு உள்ளுக்குள்ளேயே எரிந்துபோனது. தெரு கூடி அணைத்தபோது ஒரு சாமான் மிஞ்சவில்லை. வாசலில் நின்று உச்சுக்கொட்டிய பாண்டிச்செல்வி, வீட்டுக்குள் வந்து பீரோவைத் தடவிக்கொடுத்தாள். நல்லவேளை, தன் புத்தி தன்னைக் காப்பாற்றியது என்று பூரித்துப்போனாள்.

அந்தப் பூரிப்பு பொங்கல் வரைக்கும்தான். வீட்டு ஓனர் சுவரைப் பூசி வெள்ளையடித்துக் கொடுத்ததும், இன்சூரன்ஸ் பணத்தில் வாங்கிய சாமான்களோடு ஒரு லோடு வண்டி வந்து நின்றது. பெரிய டிவி இறங்கியது. இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் இறங்கியது. கடைசியில், எரிந்துபோன அவர்களுடைய பீரோவுக்குப் பதிலாக ஆளுயரக் கண்ணாடி பதித்த ஒரு பீரோவும் இறங்கியது.

பாண்டிச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. தன் பீரோவையே பார்த்தாள். அவசரத்தில் தூக்கி வந்தபோது வாசல் நிலையில் உரசிய கீறல் பல்லைக் காட்டியது.

"கூறுகெட்டவ நான். இத அங்கனயே விட்டுருக்கணும். எரிஞ்சிருந்தா இந்நேரம் நமக்கும் புதுசு வந்திருக்கும்."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓவியா நிமிர்ந்து பார்த்தாள்.

"பீரோ அங்கன இருந்திருந்தா, அன்னைக்கு ராத்திரி நானும் அங்கனதானம்மா படுத்திருப்பேன்."

பாண்டிச்செல்வி தட்டைத் தள்ளிவிட்டாள். மகளின் எச்சில் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் புது பீரோவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.