உறவினர் அல்லாத ஒருவர்

சிட்னியிலிருந்து ஒக்லாந்துக்கு மூன்று மணித்தியாலப் பறப்பு. அவுஸ்திரேலியப் பாஸ்போர்ட் இருந்தால் விசா வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் லீவுக்குப் போய்ப் பனியில் சறுக்கிவிட்டு வருகிறார்கள். அங்கே ஒன்பது வருடமாக என் தம்பி சுஜீதன் இருக்கிறான். நான் அவனை நேரில் பார்த்துப் பதின்மூன்று வருடம்.

நான் வள்ளத்தில் வந்தவன். பதினெட்டு நாள் கடலில் கிடந்து, ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் ஒரு கண்டத்துக்கே வந்து சேர்ந்தேன். பிறகு பதினொரு வருடம் தற்காலிக விசாக்கள், அதற்கு மேல் நிரந்தர விசா. இந்த ஜனவரியில் கவுன்சில் மண்டபத்தில் மேயர் கையைக் குலுக்கி, குடியுரிமைப் பத்திரத்தோடு சட்டியில் ஒரு செடியையும் தந்தார். செடி அடுத்த வாரமே செத்துப்போனது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பியின் கலியாணம் பெப்ரவரி கடைசி ஞாயிறு. எங்களுக்கு அப்பா இல்லை. மணவறையில் அவருடைய இடத்தில் நிற்க வேண்டியவன் நான்.

"அண்ணா, நீ வராட்டி அந்தக் கதிரை சும்மா கிடக்கும். வேறை ஒருத்தரையும் இருத்த மாட்டன்" என்றான் தம்பி. கையில் இருந்தது நாலு கிழமை. என் மனைவி தர்சினி இங்கே வளர்ந்தவள், பாஸ்போர்ட்டைக் கைப்பையில் லிப்ஸ்டிக்கோடு வைத்திருப்பவள். அவள் தன் டிக்கெட்டை அன்றே போட்டுவிட்டாள்.

நாங்கள் இருக்கிற வென்ட்வேர்த்வில்லில் ஸ்டேஷனடி மருந்துக்கடைக்குப் பாஸ்போர்ட் படம் பிடிக்கப் போனேன். பிறந்ததிலிருந்து முதல் பாஸ்போர்ட், சும்மா சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாதாம். மூன்று தரம் பிடித்தாள் அந்தப் பெண், மூன்று தரமும் என் பல் தெரிந்தது. உலகத்து நாடுகள் எல்லாம் சண்டை போடுகின்றன, ஆனால் ஒருவனுடைய பல் பாஸ்போர்ட்டில் தெரியக்கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருக்கின்றன. நாலாவது தரம், வந்த புதிதில் என்னை அடைத்து வைத்திருந்த தடுப்பு முகாமை நினைத்துக்கொண்டேன். படம் அருமையாக வந்தது.

பிறகுதான் படிவத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்தேன். படத்தின் பின்பக்கத்தில் 'இது இன்னாரின் உண்மையான படம்' என்று ஒருவர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் அவுஸ்திரேலியக் குடிமகனாக இருக்க வேண்டும். என்னைக் குறைந்தது ஒரு வருடம் தெரிந்திருக்க வேண்டும். இரத்த உறவோ கலியாண உறவோ இருக்கவே கூடாது.

கேட்க இலகுவாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் தர்சினியைக் கட்டியவன். அவளுக்கு வென்ட்வேர்த்வில்லில் சொந்தம் இல்லாதவன் ஸ்டேஷனில் வந்து நிற்கிற ரயிலின் டிரைவர் மட்டும்தான். மளிகைக்கடைக்காரர் அவளுடைய மாமா. எங்கள் வீட்டு ஓனர் சிறிதரன் அண்ணை அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன். டொக்டர், கணக்காளர், கோயில் செயலாளர், எல்லாரும் ஏதோ ஒரு வழியில் எங்களுக்குப் பெரியப்பா, சித்தப்பா. என்னோடு டைல் பதிக்கிற நேபாளப் பொடியன் மாணவர் விசா. முதலாளி குடிமகன்தான், நல்ல மனிதர்தான், ஆனால் அவரிடம் சேர்ந்து பதினொரு மாதம். கடைசியில் தர்சினி தேத்தண்ணியை வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "அருந்தவன் அண்ணை இருக்கிறார்தானே."

எனக்குக் கொதி வந்தது. அருந்தவனின் முகத்தில் நான் மூன்று வருடமாக முழிக்கவில்லை.

அவன் எனக்கு மூன்று வருடம் முன்னால் வள்ளத்தில் வந்தவன். முகாமிலிருந்து வெளியே விட்டபோது லிட்கம்மில் தன் அறையில் எனக்குப் பாதி தந்தவன். அதெல்லாம் சரி. ஆனால் சிறிதரன் அண்ணையின் புதுவீட்டுக் குடிபூரலில், நூறு பேர் இருக்கிற இடத்தில், அருந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். லிட்கம்முக்கு வந்த முதல் கிழமை யாரோ கதவைத் தட்டினார்களாம், பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துச் சிவமணி, அதாவது நான், கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்தானாம், வந்தவர் பீட்சா நோட்டீஸ் கொடுக்கிறவராம். முழுச் சபையும் சிரித்தது. என் மாமியார் வடையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அன்றோடு முறித்துக்கொண்டேன்.

ஆனாலும் தம்பியின் கதிரை கண்ணுக்குள் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சனிக்கிழமை லிட்கம்முக்குப் போனேன்.

கதவைத் திறந்த அருந்தவன் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் இருத்தி, படிவத்தை முதல் பக்கத்திலிருந்து நிதானமாக வாசித்தான். நான் வெட்கத்தைவிட்டு விஷயத்தைச் சொன்னேன். தம்பி, கலியாணம், நாள், எல்லாம்.

"உன்னை எத்தினை வருஷமாத் தெரியும் எண்டு கேட்டிருக்கினம்" என்றான். "நடுவில மூண்டு வருஷம் தெரியாது. அதைக் கழிக்கவோ?"

"கழிச்சு எழுது. பத்து வரும்" என்றேன்.

படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். இது நீயில்லை, யாரோ செத்தவீட்டுக்கு வந்தவன் என்றான். எழுதுடாப்பா என்று கிட்டத்தட்ட மன்றாடினேன். கறுப்பு மைப் பேனை வேண்டும் என்று எழுதியிருந்தது. அவன் எடுத்தது நீலம். நான் பாய்ந்து பறித்தேன். வேண்டுமென்றே செய்தான், எனக்குத் தெரியும். பிறகு கறுப்புப் பேனை எடுத்து, பள்ளிக்கூடத்துப் பரீட்சை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்து வைத்தான். 'உறவினர் அல்ல' என்ற பெட்டியில் சரி போட்டான். கொஞ்சம் அழுத்தித்தான் போட்டான்.

அவனுடைய பாஸ்போர்ட் இலக்கம் தேவைப்பட்டது. அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்து, இலக்கத்தை நீயே பார்த்து எழுது என்றான். இலக்கத்தை எழுதிவிட்டுப் பக்கங்களைத் தட்டினேன். சும்மாதான், கை போன போக்கில். ஒரு முத்திரை இல்லை. முதலிலிருந்து கடைசி வரை மொட்டை வெள்ளை. வருகிற செப்டம்பரோடு பத்து வருடம் முடிகிறது.

"ஓரிடமும் போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"போகத்தான் எடுத்தனான். குடியுரிமை கிடைச்ச கிழமையே லைன்ல நிண்டு எடுத்தனான். எடுத்துப்போட்டு யோசிச்சால், போய்ப் பாக்க ஆர் இருக்கினம்?"

அதை அவன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னான். இதுவரை ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். குடிபூரலில் எல்லாரும் சிரித்தபோது நான் பேசாமல் போகவில்லை. "நான் ஒளிச்சால் தேடவாவது எனக்கு ஆக்கள் இருக்கினம். உனக்குச் சொந்தம் எண்டு சொல்ல ஒரு நாய் இருக்கோ?" என்று கேட்டேன். அருந்தவனின் வீட்டுக்காரர் ஐந்து பேரும் வன்னிச் சண்டையில் ஒரே நாளில் செத்துப்போனவர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். என் மாமியாரின் சிரிப்பு நின்றது அப்போதுதான்.

மூன்று வருடமும் நான் கோபித்துக்கொண்டு திரிந்தேன் என்று சொன்னது பாதி உண்மை. மீதி, அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கம்.

"நீயும் வா" என்றேன்.

"எங்கை?"

"கலியாணத்துக்கு. ஒக்லாந்துக்கு. செப்டம்பருக்குள்ள ஒருக்காலாவது அந்தப் புத்தகத்தைத் திற."

விசாவுக்கு நாள் காணாது என்றான். விசா வேண்டாம் என்றேன். கேள்வி கேட்பார்கள் என்றான். கேட்டால் பதில் சொல்லு, உனக்கென்ன வாய் இல்லையா என்றேன். நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. அவனும் அதற்காகக் காத்திருக்கவில்லை. சீனி போடாத தேத்தண்ணியை என் முன்னால் தள்ளிவிட்டு, சீனியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். அது தண்டனை. குடித்தேன்.

அவசரக் கட்டணம் கட்டி எடுத்த பாஸ்போர்ட் கலியாணத்துக்கு எட்டு நாள் முன்னால் கைக்கு வந்தது. அருந்தவன் விமான நிலையத்துக்கு ஒரு தடித்த ஃபைலோடு வந்தான். கலியாண அழைப்பிதழ், வேலைத்தலக் கடிதம், பேங்க் ஸ்டேட்மெண்ட், தம்பி வீட்டு விலாசம், மூன்று மூன்று பிரதி. பறப்பு முழுக்கப் பதில்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். தர்சினி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

ஒக்லாந்தில் மெஷின் கதவுகள். பாஸ்போர்ட்டை வைத்தால் முகத்தைப் பார்க்கும், திறக்கும். தர்சினிக்குத் திறந்தது. எனக்கும் திறந்தது. திரும்பிப் பார்த்தேன். அருந்தவனின் கதவும் திறந்துதான் கிடந்தது, ஆனால் அவன் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். பின்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பெருமூச்சு விட்டது.

"ஒண்டும் கேக்கேல்லையடா" என்றான்.

"கேக்காது. பூட்டுறதுக்கு முதல் வா."

வந்தான். வந்தவன் பாஸ்போர்ட்டை விரித்து, முத்திரை எங்கே என்று தேடினான். மெஷின் முத்திரை குத்தாது என்று சொன்னதும் அவனுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பத்து வருடம் காத்திருந்து ஒரு மை அடையாளமும் இல்லையென்றால் என்ன நாடு இது என்று வெளிவாசல் வரை நியூசிலாந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு வந்தான்.

வெளியே சுஜீதன் நின்றான். என்னைவிட ஒரு சாண் உயரம். கைப்பேசித் திரையில் உயரம் தெரிவதில்லை. அவன் தோளில் முகத்தை வைத்து எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தர்சினிதான் தட்டி விலக்கினாள். அப்போது தம்பி, நாலு அடி தள்ளி ஃபைலோடு நின்ற மனிதரைக் கண்டான்.

"அண்ணா, இவர் ஆர்?"

அருந்தவன் ஃபைலைத் திறக்கப் போனான்.

"எங்கட சொந்தம்" என்றேன் நான்.

படிவத்தில் வேறு மாதிரித்தான் இருக்கிறது. பாஸ்போர்ட் ஒபிஸ் விரும்பினால் வழக்குப் போடட்டும்.