முதுகில் உட்கார்ந்த பறவை

அலகைத் திறந்துகொண்டு அந்தப் பறவை என்னையே பார்க்கிறது, பார்க்கிறது என்று எப்படிச் சொல்வது, கண் இருக்க வேண்டிய இடத்தில் தையல் பிரிந்த ஒரு வட்டம் மட்டும்தான், ஆணியில் தொங்கும் சிவப்பு ஜாக்கெட்டின் முதுகில் அது உட்கார்ந்திருக்கிறது, சன்னலுக்கு வெளியே உப்பளம் வெயிலில் வெள்ளையாக எரிகிறது, அந்த வெளிச்சம் அறைக்குள் வந்து எல்லாவற்றின் மேலும் விழுந்து அந்த வட்டத்துக்குள் மட்டும் விழாமல் நிற்கிறது. இந்த வீட்டுக்கு நான் பேருந்தில் வந்தேன், அதற்கு முன் இன்னொரு பேருந்து, கோமதி அக்காவின் கல்யாண ஜாக்கெட்டுக்கு ஒரு பூவேலை தேடி, ஊர்ல இருக்கவ எல்லாம் முதுகுல மயிலத் தூக்கிட்டுத் திரியுதாளுவ, எனக்கு அது வேண்டாம்ட்டி, எவளும் பாக்காத ஒண்ணு கொண்டா, என்று அவள் சொல்லி அனுப்பினாள். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் ஆரி வேலை செய்கிறவள், சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக் கொக்கி ஊசியால் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போவேன், அதனால் பயணத்திலும் என் கண் தைத்துக்கொண்டேதான் வந்தது, கருவாட்டுக் கூடையில் மின்னிய செதில்களை ஜமிக்கியாக்கினேன், சுவரில் காய்ந்த வலையின் முடிச்சுகளைக் கழுத்து ஓரத்துக்கு எடுத்து வைத்தேன், வற்றிய குளத்தின் வெடிப்பு கை விளிம்புக்கு, பேருந்துக் கண்ணாடியில் விழுந்திருந்த விரிசல் எதற்கும் ஆகட்டும் என்று, மடியில் ட்ரேசிங் பேப்பரை விரித்து வரைந்துகொண்டே வந்தேன், வரையாத நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வந்தது, கல்யாணம் முடிந்ததும் அக்கா மாப்பிள்ளையோடு வடக்கே பிலாய்க்குப் போய்விடுவாள், அவள் போன பிறகு அந்த வீட்டில் நான் பேசுவதைக் கேட்க யார் இருக்கிறார்கள்.

கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்ட பேருந்து சாயங்காலம்தான் திரும்பும் என்றார்கள், உப்பளத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வீடு, தண்ணீர் கேட்டேன். தண்ணி கேட்டு வந்துட்டு செவத்தையே பாத்துக்கிட்டு நிக்கீங்க, தாகம் ஒங்களுக்கா செவத்துக்கா, என்று சிரித்தாள் மர்சலின், அந்த வீட்டுக்காரி, என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அக்கா என்றே கூப்பிட்டாள். இது யார் தச்சது என்று கேட்டேன். நாந்தான்க்கா, என் தங்கச்சி கல்யாணத்துக்கு, என்றாள், கண்ணு எங்க என்று கேட்டேன், அவள் செம்பை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள், எங்க வீட்டுல ஒரு பழக்கம் இருக்கு, பறவைக்குக் கண்ணு ஒரு பொட்டுக் கண்ணாடி, அத கடேசியிலதான் வைப்போம், போடப்போறவ எதுக்க உக்காந்து அந்தக் கண்ணாடியில மொகம் பாக்கணும், அவ பாத்துக்கிட்டு இருக்கையிலயே முடிச்சப் போட்டிரணும், முடிச்சு விழுறப்ப எவ மொகம் உள்ள இருக்கோ அவ அந்தத் துணியிலயே தங்கிருவா, அவ அவ துணியில அவ அவ தங்குனா ஒரு கேடும் இல்ல. நீங்க தச்சப்போ, என்று இழுத்தேன். நான் அவசரக்குடுக்கல்லா, தங்கச்சி வர்றதுக்கு முன்னயே முடிச்சுட்டேன், எம்மொகம் விழுந்துட்டு, அவ புருசன் வீட்டுக்குப் போனா, நானும் அவ முதுகுல உக்காந்து போனேன், இங்க எங்கம்மா போட்ட சோத்த யாரோ தின்னுக்கிட்டு இருந்திருக்கா பாத்துக்கிடுங்க, பொறவு அவளே கண்டுபிடிச்சு வந்து நூலப் பிரிச்சு என்னய எறக்கிவிட்டா, என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே முகம் துடைக்கக் கண்ணாடி தேடினேன், அந்த வீட்டில் கண்ணாடியே இல்லை, அலமாரியில் இருந்த வட்டச் சட்டத்துக்குள் அட்டைதான் இருந்தது, மர்சலினின் வகிடு மட்டும் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. பறவைய எடுத்துக்கிடுங்க, கண்ணுக்கு மட்டும் அவசரப்படாதீங்க என்னய மாதிரி, என்றாள், நான் தாளை வைத்து வரைந்தேன், திரும்பும் பேருந்தில் விரித்துப் பார்த்தபோது மடிப்பில் பட்டு அலகின் கோடு அழிந்திருந்தது, அலகை மூடியே வரைந்துவிட்டேன், மூடிய அலகுதான் அழகாகவும் இருந்தது.

பிறகு முன்னறையில் நான் தைக்கிறேன், தைத்தேன், வலை முடிச்சும் செதிலும் வெடிப்பும் வந்து சேர்ந்துவிட்டன, பறவை வந்துவிட்டது, கண் மட்டும் பாக்கி. உச்சி வெயிலில் அக்காவைச் சட்டத்துக்கு எதிரே உட்கார வைத்தேன், மர்சலின் சொன்னதைச் சொன்னேன், சரியான கிறுக்கிட்ட போய் மாட்டியிருக்க நீ, என்றாள், ஆனாலும் குனிந்து பார்த்தாள், ஏட்டி, எம்மூஞ்சி உளுந்து மாதிரித் தெரியுது, சிரிக்கவா மொறைக்கவா, என்றாள், அசையாம இரு அக்கா என்றேன், கண்ணாடியைச் சுற்றிச் சங்கிலி ஓடியது, கடைசி வளையம் வந்தபோது அடுக்களையிலிருந்து அம்மா, ஏ கோமதி, வளையல்காரர் வந்துருக்காரு, கைய அளவு பாக்கணுமாம், என்று கூப்பிட்டாள், அக்கா தலையைத் திருப்பினாள், எழுந்து வாசலுக்குப் போனாள். ஆரி வேலை தெரிந்த எவளும் அந்த இடத்தில் ஊசியை விடமாட்டாள், முடிச்சு விழாத சங்கிலியின் நுனியில் ஒரு விரல் பட்டால் போதும், வட்டம் முழுவதும் அவிழ்ந்து கையில் வந்துவிடும், என் கைக்கு அது பழக்கம், கை நிற்கவில்லை, விரலால் நூலை அமுக்கிக்கொண்டு அவள் திரும்பும்வரை காத்திருந்திருக்கலாம், காத்திருக்கவில்லை, பிலாய் எவ்வளவு தூரம் என்ற நினைப்பு அப்போது வந்ததா அதற்குப் பிறகு வந்ததா, முடிச்சு விழுந்தது, கண்ணாடிக்குள் குனிந்திருந்த முகம் என்னுடையது. முடிஞ்சுதாட்டி, என்றாள் அக்கா வாசலிலிருந்து. முடிஞ்சுட்டுக்கா, என்றேன்.

மண்டபத்தில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், அக்கா கிழக்கு பார்த்துப் போட்ட மணவறையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள், தலை நிறையப் பூவுக்குக் கீழே பறவை தெரிகிறது, அதன் கண் ஒருமுறை மின்னுகிறது, அடுத்த இமைப்பில் நாற்காலிகள் எல்லாம் எனக்கு எதிரே இருக்கின்றன, கெட்டிமேளம் எனக்குப் பின்னாலிருந்து கேட்கிறது, அட்சதை என் மேல் விழுகிறது, மூன்றாவது வரிசையில் என் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அம்மா அவள் தோளைத் தொட்டு, ஏட்டி, பந்திக்குப் போ, என்கிறாள், அவள் எழுந்து போகிறாள், இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிடுகிறாள், உப்பு இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மர்சலினை அவள் தங்கை கண்டுபிடித்தாள், என்னை அக்கா கண்டுபிடிப்பாளா, நூலின் நுனி முடிச்சுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அவள் நகம் பட்டால் போதும்.

பிலாய்க்குப் போகும் ரயிலிலும் அக்கா அதே ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தாள், சாய்ந்தவள் நிமிர்ந்து, முதுகுல என்னமோ உறுத்துது, என்றாள், என்ன, என்றார் அத்தான், அவள் கையைப் பின்னால் வளைத்துத் தடவினாள், விரல் செதிலைத் தாண்டி, முடிச்சுகளைத் தாண்டி, என் மேல் வந்து நின்றது, நகம் நூலைப் பிடித்தது. ஏட்டி, நீயா, என்றாள், அவ்வளவு மெதுவாக. யார்ட்ட பேசுத, என்றார் அத்தான். இழுக்கவா வேண்டாமாட்டி, என்று அவள் என்னிடம் கேட்டாள், சன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது, வீட்டில் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள், அங்கே உட்கார்ந்திருப்பவள் திரும்பமாட்டாள், நான் சொல்ல வேண்டும், ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும், அக்காவின் நகம் காத்திருக்கிறது, கண்ணைத் திறந்துகொண்டு பறவை எல்லாவற்றையும் பார்க்கிறது, அதன் அலகை நான் மூடித் தைத்திருக்கிறேன்.