பெரிய சாமியாரின் காது

இதனால் சகல விசுவாசிகளுக்கும், கோயிலுக்குள் பாவிகளாகவும் கோயிலுக்கு வெளியே பெரிய மனிதர்களாகவும் நடமாடும் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஊர்க் கத்தோலிக்கப் பங்கின் பெரிய சாமியாருக்குக் காது கேட்கத் தொடங்கியது.

இதில் அறிவிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர் அந்தப் பங்கைச் சேர்ந்தவர் அல்ல. அங்கே இரண்டு சாமியார்கள். சின்ன சாமியார் உளவியலில் டிப்ளமோ வாங்கியவர். அவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "கோபப்பட்டேன் சாமி" என்று சொன்னால் அதோடு விடமாட்டார். "அந்தக் கோபத்துக்கு அடியில என்ன இருக்கு?" என்பார். அடியில் இருப்பதைச் சொன்னால் அதற்கும் அடியில் என்ன என்பார். பாவத்தைச் சொல்லப் போனவன் கிணறு தூர்வாரிவிட்டுத் திரும்புவான்.

பெரிய சாமியாரோ தங்கம். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். எதிரே இருப்பவரின் வாய் அசைவது நின்றதும், "மூணு அருள்நிறைந்த மரியே" என்று மூன்று செபங்களைப் பரிகாரமாகக் கொடுப்பார். ஜெபத்தில் பராக்குப் பார்த்தவனுக்கும் அதே மூன்று. நாத்தனாரைக் கிணற்றில் தள்ளலாமா என்று யோசித்தவளுக்கும் அதே மூன்று. ஆகவே ஆண்டவர் வருகைக்கு ஆத்துமாவைத் தூசி தட்ட வேண்டிய, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நான்கு வாரங்களில், சின்ன சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்ற மரக்கூண்டில் தனியே உட்கார்ந்து புத்தகம் படிப்பார். பெரிய சாமியாரின் வரிசை கோயில் கதவைத் தாண்டி வெயிலில் நிற்கும்.

இந்தப் பொன்னான ஏற்பாட்டைக் கெடுத்தவர் காது மிஷின் கடைக்காரர்.

அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. சாமியார்களுக்கெல்லாம் மேலதிகாரியான ஆயர் பங்குக்கு வந்திருந்தபோது, "உடம்பு எப்படி இருக்கு?" என்று பெரிய சாமியாரை விசாரித்தார். பெரிய சாமியார் கனிவோடு ஆயரின் தலைமேல் கையை வைத்து, "மூணு அருள்நிறைந்த மரியே" என்றார். மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே சின்ன சாமியார் அவரைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

தொழில் என்று வந்துவிட்டால் மிஷின்காரருக்கு ஊர் உலகம் தெரியாது. காதைச் சுத்தம் செய்தார். பசை வைத்து அச்சு எடுத்தார். இருப்பதில் நல்ல மிஷினை மாட்டி, கம்ப்யூட்டரில் இணைத்து, வீணைக்குச் சுருதி சேர்ப்பதுபோல் ஒவ்வொரு ஒலியாக ஏற்றி இறக்கினார்.

"சாமி, கேக்குதா?"

பெரிய சாமியார் மேலே பார்த்தார். "இந்த ஃபேன் எப்பவும் இப்படித்தான் அழுமா?"

மிஷின்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வார்த்தையில் அது இறங்கியது.

"நல்லதாப் போச்சு. சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் இருக்கு. இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாம கேப்பேன், பாரு."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானையாவது சும்மா போட்டுக்கொள்ளும். மிஷின்காரர் சுருதி சேர்த்துப் போட்டுக்கொண்டார். ஏனென்றால், பல வருஷமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ஒரு பாவத்தை இந்தத் திருவருகைக் காலத்தில் சொல்லியே தீருவது என்று அவர் நேர்ந்திருந்தார். சொல்வது பெரிய சாமியாரின் காதில் விழாது என்பதுதான் அந்தத் துணிச்சலுக்கு அஸ்திவாரம்.

பாவம் இதுதான். மிஷின்காரரும் அவருடைய அக்காவும் கடைக்கு மேலே உள்ள வீட்டில் இருக்கிறார்கள். அக்காவுக்குத் தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் ஆக இருந்தது. மாப்பிள்ளை காகிதக் கடை வைத்திருந்தவர். அவருடைய மாமா ஒருநாள் தன் காது மிஷினுக்கு பேட்டரி வாங்கக் கடைக்கு வந்தார். வந்தவர் சும்மா போகாமல், "உங்க அக்கா எப்படி, தம்பி?" என்று கேட்டார்.

அப்போது அம்மா படுத்த படுக்கை. தம்பிக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அக்கா போய்விட்டால் அடுப்படியில் யார் என்ற கேள்வி ஒரு நொடி மின்னியது. அந்த ஒரு நொடியில் அவர் வாய், "தங்கமானவங்கதான். கோபம் வந்தாதான் சாமான் பறக்கும். மாத்திரை சாப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டது. அந்த வீட்டில் அதுவரை ஒரு கரண்டி கூடப் பறந்ததில்லை. சம்பந்தம் நின்றுபோனது.

அன்றிலிருந்து அக்கா சொன்னதற்கு அவர் மறுபேச்சுப் பேசியதில்லை. குழம்பில் உப்பு கூடினாலும் "பிரமாதம்" என்பார். தானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது தன் பாவத்துக்குத் தானே விதித்துக்கொண்ட தவம் என்று ஆண்டவரிடம் சொல்லி வந்தார். பெண் கொடுக்க எவரும் வரவில்லை என்ற சிறு விவரத்தை ஆண்டவரிடம் அவர் குறிப்பிட்டதில்லை. ஞாயிறு பூசையில் முதல் வாசகம் அவருடையது. எசாயா தீர்க்கதரிசியே எழுந்து வந்து கேட்டாலும், இவ்வளவு கம்பீரமாகவா சொன்னோம் என்று கூச்சப்படும்படி வாசிப்பார். வாசித்து முடித்துவிட்டு, சொல்லாத பாவத்தோடு வாங்கக் கூடாதே என்று, நற்கருணை வாங்கும் நேரத்தில் மட்டும் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

புதன்கிழமை பங்குப் பேரவைத் தலைவர் கடைக்குள் புயல்போல் நுழைந்தார்.

"ஏன்யா, ஊர்ல உனக்கு வேற காதே கிடைக்கலையா?"

"தலைவரே, அவர் கேக்காம கஷ்டப்பட்டாரு..."

"அவரா கஷ்டப்பட்டாரு? நிம்மதியா இருந்தாரு. நாங்களும் நிம்மதியா இருந்தோம். இப்ப என் வீட்டுக்காரி சொல்றா, இந்த வருஷம் அவளுக்குப் பாவமே இல்லையாம். முப்பது வருஷமா அவகூடக் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?" தலைவர் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் குறைச்சு வைக்க முடியாதா? நிரந்தரமா இல்லப்பா. ஆண்டவர் பிறக்கிற வரைக்கும்."

"அது பாவம் தலைவரே."

"அப்ப அதையும் சேர்த்துச் சொல்லிடு."

மிஷின்காரர் தலைவரைக் கண்டிப்போடு அனுப்பிவைத்தார். ஆனால் விதை விழுந்துவிட்டது. வியாழனும் வெள்ளியும் அவர் ஆத்தும சோதனை செய்தார். மனசாட்சி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சொன்னால் பெரிய சாமியார் கேட்பார்; கேட்டால், "போய் அக்காகிட்ட உண்மையச் சொல்லு" என்பார்; சொன்னால் அக்கா பெட்டியைக் கட்டுவாள். இந்த வயதில் அந்த வீட்டில் தனியாக! சனிக்கிழமை காலை, "சாமி, சர்வீஸ் பண்ணணும்" என்று பெரிய சாமியாரை வரவழைத்து, கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒலியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

சாயங்காலம் வரிசையில் முதல் ஆள் அவர். பின்னால் தலைவர். அவருக்குப் பின்னால் பங்கு முழுவதும். அக்கா தபால் அலுவலகம் மூடியபின் மெதுவாக வருவாள். அதற்குள் முடித்துக்கொண்டு நழுவிவிடலாம் என்பது திட்டம். அவர் தொட்டியருகே மண்டியிட்டபோதே அக்கா உள்ளே வந்து, தெரிந்தவர் விட்ட இடத்தில் வரிசையில் நான்காவதாக நின்றுவிட்டாள். அவருக்கு முதுகில் கண் இல்லை.

மண்டியிட்டு, தொண்டையைச் செருமி, மனப்பாடம் செய்திருந்ததைக் கிசுகிசுத்தார். முடித்துவிட்டு மூன்று மரியேக்களுக்காகக் காத்திருந்தார்.

"என்னப்பா? ஒண்ணும் கேக்கலையே."

இங்கேதான் அவருடைய தொழில்புத்தி காலை வாரியது. கேட்கவே கேட்காத மனிதருக்கு, கேட்கவில்லை என்ற குறையே கிடையாது. நாலு நாள் எல்லாவற்றையும் கேட்டு ருசி கண்டவர், இனி எதையாவது விடுவாரா?

"ஒரு பொய் சொன்னேன் சாமி."

"இன்னும் சத்தமா. காலையில நீ சர்வீஸ் பண்ணதிலிருந்து இது ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு பொய் சொன்னேன் சாமி!"

"வாயைத் திறந்து சொல்லுப்பா. ஞாயித்துக்கிழமை அப்படி வாசிக்கிற! இங்க வந்து என்ன முனகல்?"

எழுந்து ஓடிவிடலாம் என்று ஒரு கால் சொன்னது; மண்டியிட்ட கால் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அடைத்து வைத்தது, அடைப்பு பிடுங்கிய குழாய்போல் வெளியே வந்தது. மைக் இல்லாமலே கடைசிப் பெஞ்சுவரை எசாயாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அதே குரலில்.

"எங்க அக்கா கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான் சாமி! அவங்களுக்குக் கோபம் வந்தா சாமான் பறக்கும், மாத்திரை சாப்பிடுறாங்கன்னு பொய் சொன்னேன்! வீட்ல சமைக்க ஆள் இருக்காதேன்னு பயந்து சொன்னேன்!"

வரிசை முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. பீடத்துக்கு முன்னால் திருவருகைக் கால வளையத்தில் நின்ற மெழுகுவர்த்திகள்கூட வாயைப் பிளந்ததுபோல் இருந்தது.

"இது கேட்டுச்சு" என்றார் பெரிய சாமியார். சற்று யோசித்தார். "அக்கா இருக்காங்களா?"

"தபால் ஆபீஸ்ல இருக்காங்க சாமி. இப்ப வந்துடுவாங்க."

பெரிய சாமியார் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "வந்துட்டாங்க."

மிஷின்காரர் திரும்பினார். அக்கா நேராக அவரைப் பார்த்தபடி நின்றாள்.

"போய் அவங்ககிட்ட உண்மையச் சொல்லுன்னு பரிகாரம் குடுத்திருப்பேன்" என்றார் பெரிய சாமியார். "அதுக்கு வேலை இல்லாமப் போச்சு. மூணு அருள்நிறைந்த மரியே சொல்லு. வேற ஏதாவது உண்டா?"

"இந்த மிஷினைக் குறைச்சு வச்சதும் நான்தான் சாமி."

"அப்ப ஆறு."

அந்தப் பங்கின் வரலாற்றில் மூன்றைத் தாண்டிய முதல் பரிகாரம் அது. பாவமன்னிப்புச் செபம் தலைமேல் இறங்கியபோது அவருக்கு அதில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் தற்செயலாகக் காதில் விழுந்ததையும் வெளியே சொல்லக் கூடாது என்பது திருச்சபையின் சட்டம். வரிசையில் நின்றவர்கள் அந்தச் சட்டத்தைக் கோயில் வாசல்வரை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். தலைவர் சத்தமில்லாமல் நகர்ந்து சின்ன சாமியாரிடம் போய்ச் சேர்ந்தார். அக்கா மட்டும் நகரவில்லை. தன் முறை வந்ததும் போனாள், முடித்தாள், தம்பியின் பக்கத்து பெஞ்சில் அவர் ஆறையும் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு, "போலாமா?" என்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் அக்கா அடுப்படிக்குப் போனாள். பீன்ஸை எடுத்து வைத்துக்கொண்டு நறுக்கத் தொடங்கினாள். கத்தி பலகையில் விழும் சத்தம் ஒவ்வொன்றும் மிஷின்காரரின் கழுத்தில் விழுந்தது. நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"அக்கா..."

"மாத்திரைன்னா என்ன மாத்திரை?"

"அது... சும்மா, மாத்திரைன்னு..."

"பேர் சொல்லலையா? பொய் சொல்றதையாவது உருப்படியா சொல்லக் கூடாதாடா?"

"என்னை மன்னிச்சிடுக்கா. உன் வாழ்க்கையவே நான்..."

"நிறுத்து, நிறுத்து." அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த மாமா எப்ப வந்தாரு? அம்மாவுக்கு ரெண்டாவது தடவை முடியாமப் போனதுக்கு அப்புறமா, முன்னாடியா?"

"அப்புறம்தான்."

"நான் வேண்டாம்னு சொல்லி அனுப்பினது அதுக்கும் முன்னாடிடா."

மிஷின்காரருக்குப் புரியவில்லை. மாமாவுக்கு அல்ல, அவருக்குத்தான் மிஷின் வேண்டும்போல் இருந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்ப அந்த ஆளு ஒரு மணி நேரம் ஸ்டேப்ளர் பின்னைப் பத்திப் பேசினாரு. ஞாபகம் இருக்கா? எத்தனை சைஸ், எது துருப்பிடிக்கும், எது பிடிக்காது. கல்யாணம் ஆனா வேலைய விட்டுடணும்னு கடைசியா ஒரு வரி. எனக்கு என் கவுண்டர் பிடிச்சிருந்துச்சு. அம்மாகிட்ட சொன்னா அழும்னு நேரா அவங்க வீட்டுக்கே ஆள் அனுப்பிட்டேன். நான் ஏன் வேண்டாங்கறேன்னு தெரியாம மண்டை காய்ஞ்சு மாமா உன்கிட்ட வந்திருப்பாரு. நீ ஒரு காரணம் குடுத்திருக்க. அதான் அதுக்கப்புறம் அந்தப் பக்கமிருந்து ஒரு தொல்லையும் வரல. நானே ஆச்சரியப்பட்டேன்."

"அப்ப... நான் கெடுக்கலையா?"

"நீ எதைடா கெடுப்ப? உனக்கு ஒரு முட்டை உடைக்கத் தெரியுமா?"

அவருடைய நெஞ்சிலிருந்து அம்மி ஒன்று இறங்கியது. கூடவே சிறிய மனக்குறையும் எட்டிப் பார்த்தது. இத்தனை வருஷம் அடைகாத்த மகாபாவம். ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை என்றால் எப்படி?

"பொய் சொன்னது பாவம்தானே?" என்றார், கொஞ்சம் ஆசையோடு.

"பாவம்தான். சோத்துக்காகச் சொன்ன பாரு, அது அதைவிடக் கேவலம். அதான் ஆறு வாங்கிட்டு வந்துட்டியே, போ." அக்கா மறுபடி கத்தியை எடுத்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "இரு. அதனாலதான் நான் என்ன கேட்டாலும் வாங்கிக் குடுத்தியா? ஃப்ரிட்ஜு, அந்த மெத்தை, போன மாசம் வாங்கின மிக்ஸி?"

"ஆமா."

"உப்புக் கூடினாலும் பிரமாதம்னது?"

"அதுவும்தான்."

அக்கா அவரையே பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு சிரிப்பு பொங்கி வந்துவிட்டது. பலகையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாள். மிஷின்காரர் முதலில் அழலாமா என்று பார்த்தார். அது வரவில்லை. அவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"உனக்காகத்தான் இந்த வீட்ல கிடந்தேன்னு நினைச்சுட்டு இருந்தியா? இது என் வீடுடா. நீதான் போகாம இருக்க. சரி, திங்கக்கிழமை முதல் வேலையா சாமியார் காதைச் சரி பண்ணு. இப்ப வா, இந்த பீன்ஸை நறுக்கு. விரலை விட்டுட்டு நறுக்கு."

அன்றிரவு குழம்பில் உப்புக் குறைவு என்று மிஷின்காரர் வாய்விட்டுச் சொன்னார். "எழுந்து போட்டுக்கோ" என்றாள் அக்கா. போட்டுக்கொண்டார். மறுநாள் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சியின் ஞாயிறு. அந்தப் பங்கில் காலை ஒரே பூசைதான். முதல் வாசகம் அவருடையது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினார். பல வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சுத்தமான ஆத்துமாவோடு எல்லோருக்கும் முன்னால் நடந்துபோய் நற்கருணை வாங்குவதை மனதுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்தார். அலாரம் வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. விடியும் முன்பே மனசாட்சி உலுக்கி எழுப்பிவிடும். பாடல் பயிற்சிக்காக முன்னதாகவே கிளம்பிப் போகும் அக்காவும் அதனால் அவரை எழுப்புவதில்லை. படுத்தார். போர்வையை இழுத்துக்கொண்டார்.

அவர் கண் விழித்தபோது பூசை முடிந்திருந்தது.