ஒரியே வீட்டுக் குழி

ஒரியேயின் வீட்டுக்குப் பின்னால், கழிப்பறைக் குழியின் மரமூடிமேல், மருத்துவர் குராமோச்சி கோட்டும் தொப்பியுமாக அமர்ந்திருந்தார். தூறல் தொப்பியின் விளிம்பில் சேர்ந்து, மடியிலிருந்த மருந்துப்பையின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே, காவடித் தண்டையும் இரண்டு காலி வாளிகளையும் இறக்கிவைத்துவிட்டு நின்றார் அண்டைவீட்டுச் சங்கத் தலைவர் இசோகாய்.

"எழுந்திரிங்க டாக்டர். மரியாதையாக் கேக்கறேன்."

"மரியாதைக்காக எழுந்திரிச்சா மூடி திறந்துடும் தலைவரே."

உள்ளே ஒரியேயின் ஐந்து வயது மகள் ஐந்து நாட்களாகச் சீதபேதியில் கிடந்தாள். கணவன் எந்தத் தீவில் போரிடுகிறான் என்பதுகூட ஒரியேக்குத் தெரியாது. பேதியை நிறுத்தும் மாத்திரைகள் யாவும் இராணுவத்துக்குப் போய்விட்டிருந்தன. குராமோச்சியிடம் எஞ்சியவை உப்புநீர், அரிசிக்கஞ்சி, அரை மூட்டைச் சுண்ணாம்பு. நோயைக் குழந்தையிடமிருந்து துரத்த அவரால் முடியாமற்போகலாம். ஆனால் அது இந்த வேலியைத் தாண்டக் கூடாது. காலையில் கஞ்சி ஊட்டும்போதே அதைத் தீர்மானித்துவிட்டார்.

இசோகாய் கெட்டவர் அல்லர் என்பதும் அவருக்குத் தெரியும். கடைகளுக்கு உரம் வந்தே இரண்டு ஆண்டுகளாகின்றன. அரசுக்கு அளக்கவேண்டிய சர்க்கரைவள்ளியோ பருவத்துக்குப் பருவம் கூடிக்கொண்டே போகிறது. அது குறைந்தால் சங்கத்தின் எட்டு வீடுகளும் தலைகுனிய வேண்டும். ஆகவே ஊரில் நிறைந்த கழிப்பறைக் குழி ஒவ்வொன்றையும் அள்ளி வயலுக்கு உரமாக ஊற்ற முறை வைத்திருந்தார்கள்; இன்று ஒரியே வீட்டு முறை.

"நாட்டுக்காக அவனவன் உயிரையே குடுக்கறான். இந்த வீட்டுப் பங்கை மட்டும் நீங்க அமுக்கி உக்காந்திருக்கீங்க!"

"இந்தப் பங்கு வயலுக்குப் போனா ஊர்ப் பிள்ளைங்க வயித்துக்குப் போகும்."

"போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. வந்து மோந்து பாத்துட்டு யார் பக்கம்னு சொல்லட்டும்."

சன்னலிலிருந்து ஒரியே முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ, இதுக்கா சண்டை? தெருவே கேக்குது, டாக்டர் ஐயா" என்றாள்.

இசோகாய் பதில் சொல்ல வாயெடுத்தார். சட்டென்று தண்டை எடுத்து ஊன்றி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"டாக்டர்… கொஞ்சம்… உள்ள போயிட்டு வரட்டுமா?"

குராமோச்சி வாய்விட்டுச் சிரித்தார். "தாராளமாப் போங்க. ஆனா போட்டதைத் திருப்பிக் கேக்கக் கூடாது."

சிரிப்பு பாதியில் நின்றது. கழிப்பறைக் கதவுக்கு அப்பாலிருந்து வந்த முனகலைப் போன்ற ஒன்றை அவர் இந்த வீட்டில் ஐந்து நாட்களாகக் கேட்டுவருகிறார்.

"தலைவரே, காலையிலிருந்து எத்தனை தடவை?"

"ஒம்பது," என்றது கதவு. பிறகு, "ரத்தமும் போகுது" என்றது.

வெளியே வந்த இசோகாய் மருத்துவரின் முகத்தைப் பார்க்கவில்லை. "நாலு நாளைக்கு முன்னால, விடியறதுக்குள்ள, முறை வராமலே ரெண்டு வாளி எடுத்துட்டேன். என் வெள்ளரிப் பாத்திக்கு ஊத்தினேன். பிள்ளைக்குச் சீக்குன்னு அப்பத் தெரியாது, சத்தியமா."

"வெள்ளரி எங்க?"

"எட்டு வீட்டுக்கும் பகிர்ந்தேன். கழுவித்தான் குடுத்தேன்."

குராமோச்சி எழுந்தார். மூடியைத் திறந்து, பக்கத்தில் வைத்திருந்த அரை மூட்டைச் சுண்ணாம்பு முழுவதையும் குழியில் கவிழ்த்தார். "வீட்டுக்குப் போய்ப் படுங்க. கிணத்தைத் தொடாதீங்க. கொதிச்ச தண்ணியில உப்புப் போட்டுக் குடிச்சுக்கிட்டே இருங்க" என்றார். திட்டுவதற்கு நேரம் இருக்கவில்லை. ஒரியேயிடம், யார் வந்தாலும் மூடியைத் திறக்கவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சேற்றில் நடக்கலானார்.

முதல் வீட்டில் ஃபுசா துணி அலசிக்கொண்டிருந்தாள். மருத்துவரைக் கண்டதும் உள்ளே ஓடி, உப்பில் பிசைந்த வெள்ளரித் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, மண்டியிட்டு நீட்டினாள்.

"வேற ஒண்ணும் இல்லைங்க ஐயா. தலைவர் வீட்டு வெள்ளரி. பிஞ்சு, ஒரு வாய் சாப்பிடுங்க."

அவர் குனிந்து வணங்கி, கிண்ணத்தை இரு கைகளாலும் வாங்கி, மருந்துப்பைக்குள் வைத்து மூடினார்.

"இதை யார் யார் சாப்பிட்டீங்கம்மா?"

ஃபுசா ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி விரல்களை மடக்கத் தொடங்கினாள். பின்பு ஏதோ நினைவுக்கு வந்தவளாக, "தங்கச்சி வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பினேன்" என்று மறு கையையும் உயர்த்தினாள்.