நாத்தனார் செயின்

இரவல் நகை போட்டுக்கொண்டு போவது நல்லம்பள்ளிப் பக்கம் ஒன்றும் குற்றமில்லை. கல்யாணம், காதுகுத்து என்றால் ஒருத்தி செயின் இன்னொருத்தி கழுத்துக்குப் போய்வரும். அதைத் தன்னுடையது என்று பீற்றிக்கொள்வதுதான் கேவலம். குள்ளம்மாள் அதைத்தான் செய்தாள்.

மகள் தேவிப்பிரியாவின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் கிளம்பும்போது நாத்தனார் தீர்த்தம்மாளின் ஆறு பவுன் செயினைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். கூடவே வந்த சம்பந்தியம்மா அன்பரசியிடம், தக்காளி விற்ற காசில் எடுத்தது என்று விமானத்திலேயே அளந்துவிட்டாள். வாய் சும்மா இருந்தால்தானே!

திரும்பி வரும்போது பெங்களூர் ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ் அதிகாரி அவளை நிறுத்தினார். வெளிநாட்டில் வாங்கிய தங்கத்தைச் சொல்லாமல் கொண்டுவந்தால் பறிமுதல், அதற்குமேல் அபராதம் என்றார். நல்ல மனுஷன்தான். இங்கிருந்தே போட்டுப்போன நகை என்றால், வீட்டில் யார் அதைப் போட்டிருக்கிற பழைய போட்டோ இருந்தாலும் காட்டச் சொன்னார்.

போட்டோ இருந்தது. தேவிப்பிரியா கல்யாணத்தில் தீர்த்தம்மாள் அதே செயினோடு சிரித்துக்கொண்டு நிற்கிற படம், கைப்பையில் இருந்த போனிலேயே இருந்தது. ஆனால் இப்போது கூடவே அன்பரசி நின்றாள். குள்ளம்மாளுக்குப் போனை எடுக்கக் கை வரவில்லை.

"போட்டோ இல்லீங்க சார். என்னோடதுதானுங்க."

அவர் மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் இல்லை என்றாள். செயினைக் கழற்றி எடை போட்டு, கவரில் வைத்து சீல் வைத்தார்கள். மீட்க வேண்டுமானால் வாங்கிய ரசீதோடு மனுப் போட வேண்டும், அபராதத்தை மேலதிகாரி முடிவு செய்வார் என்றார்கள். ரசீது தீர்த்தம்மாள் வீட்டுப் பீரோவில் இருந்தது. குள்ளம்மாள் அவமானத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அன்பரசி மெதுவாகச் சொன்னாள்.

"அது உங்க நாத்தனா செயினுன்னு எனக்கு மொதல்லயே தெரியுமுங்க. கல்யாணத்துல அவங்க பக்கத்துலதான நின்னேன்."

ஏன் உள்ளே சொல்லவில்லை என்று குள்ளம்மாள் கேட்டாள்.

"நாலு பேரு முன்னால உங்கள எப்பிடிங்க தலகுனிய வெக்கறது? நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தேன்."

குள்ளம்மாள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். கைப்பைக்குள் போன் அடித்தது. தீர்த்தம்மாள்தான்.